டான் ஸ்டேலி: ஆடிக்கொண்டே பயிற்சியாளரானவர்

திடல்வாசி எழுதியது:

நெடுநாளாகக் கேட்க நினைத்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் பெரும்பெயர் எடுத்தவர்கள் கல்லூரி அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வரும்போது பலருக்கும் ஏன் சறுக்கிவிடுகிறது? அதே வழியில் வந்த, தென் கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி மட்டும் எப்படி இத்தனை உயரத்துக்குப் போனார்?

கிளைட் டிரெக்ஸ்லர் 1998இல் ஆட்டத்தை விட்ட கையோடு, தாம் படித்த ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். இரண்டு பருவங்களில் 19 வெற்றி, 39 தோல்வி, அத்தோடு விலகிவிட்டார். கிறிஸ் முல்லின் 2015இல் தமது செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, நான்கு பருவங்களில் 59 வெற்றி, 73 தோல்வியோடு வெளியேறினார். பேட்ரிக் யூவிங் தாம் படித்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குத் தெய்வம் போன்றவர். 2017இல் அங்கே பொறுப்பேற்றார். 2021இல் பிக் ஈஸ்ட் என்ற கல்லூரி அணிகளின் பிரிவுக் கோப்பையை எவரும் எதிர்பாராமல் வென்றார் என்றாலும், அடுத்த பருவத்தில் அந்தப் பிரிவின் 19 ஆட்டங்களிலும் தோற்று, 2023இல் 75 வெற்றி, 109 தோல்வி என்ற கணக்கோடு நீக்கப்பட்டார். மூவரும் சாதாரணமானவர்கள் அல்லர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் மூவருமே இருந்தார்கள்.

ஸ்டேலியும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்தான். 1996, 2000, 2004 என்று மூன்று முறை. ஆனால் அவர் தாம் படித்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பவில்லை. 2000ஆம் ஆண்டு, முப்பது வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு, பிறந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணிக்குப் பயிற்சியாளரானார். நாட்டின் பெரிய அணிகளின் வரிசையில் டெம்பிளுக்கு அப்போது இடமே இல்லை. அதைவிட முக்கியமானது, அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வரவில்லை என்பது. மகளிர் தொழில்முறைத் தொடரான டபிள்யூஎன்பிஏவில் ஷார்லட் ஸ்டிங் அணிக்கும் பிறகு ஹூஸ்டன் காமெட்ஸ் அணிக்கும் 2006 வரை ஆடிக்கொண்டே, டெம்பிளில் எட்டுப் பருவங்கள் பயிற்சி அளித்து, 172 வெற்றி, 80 தோல்வி, ஆறு முறை தேசியப் போட்டிக்குத் தகுதி என்ற நிலைக்கு அந்த அணியைக் கொண்டுவந்தார்.

தென் கரோலினாவில் 2017, 2022, 2024 என்று அவர் வென்ற மூன்று தேசியப் பட்டங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் அதிகம் பேசாத அந்த டெம்பிள் ஆண்டுகளில்தான் விடை இருக்கிறது என்பது என் எண்ணம். பெரிய வெளிச்சம் விழாத இடத்தில், தானும் ஒரு ஆட்டக்காரராக இருந்தபடியே அவர் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

கூடைநிழல் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் விடை அதற்கும் முன்னால் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஸ்டேலி ஆடிய இடம் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். ஐந்தடி ஆறங்குல உயரம்தான். வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் ரேமண்ட் ரோசன் அரசுக் குடியிருப்பில் ஐந்து பிள்ளைகளில் கடைசியாக வளர்ந்து, பையன்களோடு ஆடிப் பழகியவர். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அத்தகைய திடலில் இடம் பிடிக்க வேண்டுமானால், மற்ற ஒன்பது பேரும் அடுத்த நொடி எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். யூவிங் வளையத்தடியில் நின்றவர். பந்து அவரைத் தேடி வந்தது. ஸ்டேலியோ பந்தை யாரிடம், எப்போது, எந்தக் கையில் கொடுப்பது என்பதையே கல்லூரி நாட்கள் தொட்டுப் பதினெட்டு ஆண்டுகள் வேலையாகச் செய்தவர்.

வர்ஜீனியாவில் பயிற்சியாளர் டெபி ரயனிடம் பயின்ற நான்கு ஆண்டுகளில் மூன்று முறை அணியைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். 1991 இறுதிப் போட்டியில் டென்னசியிடம் கூடுதல் நேரத்தில் 70–67 என்று தோற்றார்கள். அந்தச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது தோற்ற அணியின் ஸ்டேலிக்குக் கிடைத்தது. மறுஆண்டு அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. தேசியப் பட்டம் வெல்வதும் ஒலிம்பிக்கில் ஆடுவதும் சிறுமியாக இருந்தபோதே தமக்கிருந்த இரண்டு கனவுகள் என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இரண்டாவது மூன்று முறை நிறைவேறியது. முதலாவது ஆட்டக்காரராக அவருக்கு வாய்க்கவே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992இல் அவர் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறைத் தொடர்கூட இல்லை. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். பிறகு 1996இல் தொடங்கிய ஏபிஎல் என்ற மகளிர் தொடரில் ரிச்மண்ட் ரேஜ் அணி. அந்த அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு இடம்பெயர்ந்தது. 1998 டிசம்பரில் தொடரே இழுத்து மூடப்பட்டது. மொழி தெரியாத ஊர்களில், ஒவ்வொரு பருவமும் புதிய சகாக்களோடு, அணியை நடத்திச் செல்ல வேண்டிய இடத்தில் ஆடியவருக்கு அது பயிற்சியாளர் வேலைக்கான பாடமாகவே அமைந்திருக்கும்.

வடக்குவாசல் எழுதியது:

இருவரும் எழுதியவை சுவையானவை. ஆனால் ஒப்பீட்டில் ஒரு பிழை இருப்பதாகப் படுகிறது; அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தும் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தும் ஒரே விதிகளில் இயங்குபவை அல்ல. பத்தொன்பது வயது நிரம்பி, பள்ளி முடித்து ஓராண்டு கடந்துவிட்டால் ஓர் இளைஞர் ஆண்களின் தொழில்முறைத் தொடரான என்பிஏவுக்குப் போய்விடலாம். ஆகவே மிகத் திறமையான பையன் பயிற்சியாளரிடம் தங்குவது பெரும்பாலும் ஒரே பருவம்தான். டபிள்யூஎன்பிஏ தேர்வுக்கு அமெரிக்க வீராங்கனை ஒருவர் அந்த ஆண்டில் இருபத்திரண்டு வயதை எட்டவேண்டும் அல்லது பட்டப்படிப்பை முடித்திருக்கவேண்டும். அதனால் ஏஜா வில்சன் நான்கு ஆண்டுகள் ஸ்டேலியிடம் இருந்தார்; அலியா பாஸ்டனும் நான்கு ஆண்டுகள் இருந்தார். விதைத்தவரே அறுவடையும் செய்ய முடிகிற நிலம் அது. யூவிங்குக்கு அப்படிப்பட்ட நிலம் கிடைக்கவில்லை. போதாததற்கு, மாணவர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது எளிதாகிவிட்ட காலமும் அவர் பொறுப்பில் இருந்தபோதே வந்து சேர்ந்தது.

அடுத்து, படித்த இடத்துக்கே திரும்புவதுதான் தவறு என்ற வாதம். ஃப்ரெட் ஹோய்பெர்க் பத்துப் பருவங்கள் என்பிஏவில் ஆடி, இதயக் கோளாறால் ஓய்வுபெற்று, மின்னசோட்டா அணியின் நிர்வாகத்தில் இருந்தவர். பயிற்சியாளராக ஒரு நாள் அனுபவமும் இல்லாமல் 2010இல் தாம் படித்த அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஐந்து பருவங்களில் 115 வெற்றி, 56 தோல்வி. 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு முறை தேசியப் போட்டி. திடல்வாசி சொல்லும் காரணங்களின்படி அவரும் சறுக்கியிருக்கவேண்டும், சறுக்கவில்லை. இன்னொரு செய்தி, யூவிங் அனுபவம் இல்லாதவர் அல்லர். அவர் என்பிஏவில் துணைப் பயிற்சியாளராக ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத்தான் ஜார்ஜ்டவுனுக்கு வந்தார்.

திடல்வாசி எழுதியது:

வடக்குவாசல் அவர்களின் முதல் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நான்கு ஆண்டுகள் ஒரே வீராங்கனையை வளர்க்க முடிவது பெரிய சாதகம். அதை நான் கணக்கில் எடுக்காமல் எழுதிவிட்டேன். ஹோய்பெர்க் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. "படித்த இடத்துக்குத் திரும்பக்கூடாது" என்று பொதுவிதி எழுத முடியாது.

ஆனால் அந்தச் சாதகம் மகளிர் அணிகளின் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் உண்டு. மூன்று பட்டம் வென்றவர்கள் எத்தனை பேர்? பேட் சம்மிட், ஜீனோ ஆரியெம்மா, டாரா வான்டர்வீர், கிம் மல்கி ஆகியோருக்கு அடுத்து ஸ்டேலிதான். யூவிங்கின் பதினைந்து ஆண்டுகளும் என்பிஏவில், வளர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களோடு கழிந்தவை. பதினேழு வயதுப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தாயின் முன் உட்கார்ந்து, "உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்" என்று கேட்கிற வேலை அங்கே இல்லை. கல்லூரிப் பயிற்சியாளருக்கு அது பாதி வேலை.

தென் கரோலினாவின் தொடக்கத்தையும் பாருங்கள். 2008–09: 10 வெற்றி, 18 தோல்வி, அந்த அணி ஆடும் எஸ்இசி பிரிவில் 2 வெற்றி, 12 தோல்வி. அடுத்த பருவம் 14–15. மூன்றாவது பருவம் 18–15. தேசியப் போட்டிக்குள் நுழைந்தது நான்காவது பருவமான 2011–12இல்தான். அந்த முறை கடைசிப் பதினாறு அணிகள் வரை போனார்கள். முல்லினுக்கும் நான்கு பருவங்கள் கொடுத்தார்கள். நான்காவதில் அவரும் தேசியப் போட்டியைத் தொட்டார். ஆனால் ஸ்டேலிக்குத் தென் கரோலினா முதல் பயிற்சியாளர் வேலை அல்ல. ஓர் அணியை அடியிலிருந்து கட்டுவது எப்படியிருக்கும் என்று டெம்பிளில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

மாலைமதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளிர் கூடைப்பந்தைப் பார்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் தொழில்முறை அணியில் ஆடுவதும், வேறோர் ஊரில் கல்லூரி அணிக்குப் பயிற்சி அளிப்பதும் எப்படி முடிந்தது? பல்கலைக்கழகம் இதற்கு எப்படிச் சம்மதித்தது?

பழைய ஆட்டக்காரர் எழுதியது:

மாலைமதி, தவறான கேள்வியே இல்லை அம்மா. நாட்காட்டிதான் விடை. கல்லூரிப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் இறுதியில் அல்லது ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். டபிள்யூஎன்பிஏ கோடையில் நடப்பது. அந்த நாட்களில் மே இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் வழக்கமான ஆட்டங்கள் முடிந்துவிடும். ஒன்று முடிந்தால் மற்றொன்று. ஓய்வுக்கான மாதங்கள்தான் இல்லாமல் போகும். ஆண்களுக்கு இது இயலாது. என்பிஏவும் கல்லூரிப் பருவமும் ஒரே குளிர்காலத்தில் நடப்பவை.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. பள்ளி மாணவியரின் கோடைக்காலப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்ப்பது அப்போதுதான். அந்த ஜூலையில் ஸ்டேலி தாமே திடலில் ஆடிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் கேண்டிஸ் டுப்ரே போன்ற ஒருவரை டெம்பிளில் உருவாக்கி டபிள்யூஎன்பிஏவுக்கு அனுப்பினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஓராண்டைச் சொல்கிறேன். 2004 ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி அணிவகுப்பின் முன்னால் நடந்தவர் ஸ்டேலி. அதே மாதத்தில் மூன்றாவது தங்கம். அந்தக் களைப்பு தீர்வதற்குள் டெம்பிள் பருவம் தொடங்கியது. 28 வெற்றி, 4 தோல்வி. அட்லாண்டிக் 10 பிரிவில் ஒரு தோல்விகூட இல்லை. கொடி பிடித்தவர் கொடியை வைத்துவிட்டு நேரே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருக்கிறார்.

ஷார்லட் அணியின் 2001 பருவத்தையும் இங்கே யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் பதினொரு ஆட்டங்களில் ஒரே வெற்றி, பத்துத் தோல்வி. அங்கிருந்து எழுந்து 18–14 என்று முடித்து இறுதிச் சுற்று வரை போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸிடம்தான் தோற்றார்கள். டெம்பிளில் அவர் முதல் பருவத்தை முடித்திருந்த கோடை அது. தோற்றுக்கொண்டிருக்கும் அறையில் தலைமைப் பயிற்சியாளர் ஆன் டோனவன் என்ன பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதை ஆட்டக்காரராக ஒரு காதாலும், பயிற்சியாளராக மறு காதாலும் கேட்டிருப்பார். நான் பல ஆண்டுகள் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆடுகிறபோது பயிற்சியாளர் பேசுவதை நாம் நமக்கான கட்டளையாக மட்டுமே கேட்போம். அது ஒரு கைத்திறன் என்று அப்போது தோன்றுவதே இல்லை.

கூடைநிழல் எழுதியது:

வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றித் திடல்வாசி எழுதியதைத் தொடர்கிறேன். 2009இல் நாட்டின் முன்னணிப் பள்ளி வீராங்கனைகளில் ஒருவரான கெல்சி போனை டெக்சாஸிலிருந்து கொண்டுவந்தார். ஒரே பருவத்தில் அவர் டெக்சாஸுக்கே திரும்பிப் போய்விட்டார். அந்த இழப்புக்குப் பிறகும் அணி ஏறுமுகமாகவே சென்றதற்கு, ஸ்டேலி தம் காலடியில் இருந்த ஊர்களையும் பார்த்தது ஒரு காரணம் என்பேன். அலைனா கோட்ஸ், பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகரை ஒட்டிய இர்மோவைச் சேர்ந்தவர். டிஃபனி மிட்செல் பக்கத்து ஷார்லட். 2014இல் நாட்டின் முதல்நிலை மாணவியாக இருந்த ஏஜா வில்சன் கொலம்பியாவிலேயே பள்ளியில் படித்தவர். கனெக்டிகட்டும் டென்னசியும் அழைத்தும் அவர் உள்ளூரில் தங்கினார். உள்ளூர்ப் பெண் ஆடுகிறாள் என்றால் உள்ளூர் வந்து பார்க்கும். 18,000 பேர் அமரும் தென் கரோலினா அணியின் அரங்கு 2014–15 முதல் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் நாட்டிலேயே அதிகக் கூட்டம் சேரும் இடமாகியிருக்கிறது.

2017இல் டல்லாஸில் அரையிறுதியில் அவர் வென்றது டாரா வான்டர்வீரின் ஸ்டான்ஃபோர்டை. 1992இல் ஒரு புள்ளியில் தம்மைத் தடுத்த அதே பயிற்சியாளர்; 1996இல் தமக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத்தந்த அணியை நடத்தியவரும் அவரே. கோட்ஸ் கணுக்கால் காயத்தால் ஆடவில்லை. இறுதிப் போட்டியில் எதிரில் நின்றது, கனெக்டிகட்டின் தொடர்ச்சியான 111 வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வந்த மிசிசிப்பி ஸ்டேட். 67–55. வில்சன் 23 புள்ளிகள். 1991இல் கைநழுவியது இருபத்தாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

வடக்குவாசல் எழுதியது:

நான் எதிர்த்து எழுதியதை வைத்து ஸ்டேலியைக் குறைத்து மதிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். அவருடைய மிகப் பெரிய வேலை 2017 அல்ல, 2024 என்று நினைப்பவன் நான்.

2023இல் 36 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்து, அரையிறுதியில் அயோவாவிடம் 77–73 என்று தோற்றார்கள். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 41 புள்ளிகள். அந்த ஆட்டத்தில் தென் கரோலினாவின் பாயின்ட் கார்டு ரேவன் ஜான்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றபோது, கிளார்க் அவரைக் காக்க வராமல், "எறிந்துகொள்" என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு உள்ளேயே நின்றார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு, ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரும் அணியை விட்டுப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு டபிள்யூஎன்பிஏ தேர்வில் மட்டும் தென் கரோலினாவிலிருந்து ஐந்து பேர். எந்தப் பயிற்சியாளருக்கும் அடுத்த பருவம் கட்டுமானப் பருவமாகத்தான் இருக்கும்.

ஸ்டேலியின் அணி 38–0 என்று முடித்தது. கிளீவ்லாந்தில் நடந்த இறுதிப் போட்டியைப் பலமுறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் கால்பகுதியில் கிளார்க் மட்டும் 18 புள்ளிகள். அயோவா 27–20 என்று முன்னே இருந்தது. அதன்பின் கிளார்க்கின் மேல் நிழல்போல ஒட்டிக்கொண்டவர் அந்த ரேவன் ஜான்சன். இடைவேளைக்குச் சற்று முன்பு, கிளார்க் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போதே கையை நீட்டிப் பறித்து, தனியாக ஓடி வளையத்தில் போட்டார். இடைவேளையில் 49–46. முடிவில் 87–75. மாற்று வீராங்கனைகள் எடுத்த புள்ளிகளை மட்டும் பாருங்கள்: தென் கரோலினா 37, அயோவா 0. முதல் ஆண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து 19 புள்ளிகள் எடுத்தார்.

ஓர் ஆண்டு முழுக்கக் கேலிக்கு ஆளான ஒரு பெண்ணை, அதே எதிராளியின் முன் அதே மேடையில் நிறுத்தி, நம்பிக்கையோடு ஆடவைத்ததை எந்தப் பட்டியலிலும் எண்ணாகக் காட்ட முடியாது. பாயின்ட் கார்டுகளை வளர்ப்பதில் ஸ்டேலிக்கு இணை சொல்வது கடினம் என்பதைக் கூடைநிழல் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

மாலைமதி எழுதியது:

2024 இறுதிப் போட்டிதான் நான் முழுமையாகப் பார்த்த முதல் ஆட்டம். வென்ற மேடையிலேயே, இந்த ஆட்டத்தை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனதற்காகக் கெய்ட்லின் கிளார்க்குக்கு ஸ்டேலி நன்றி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. வெட்டிய வலையின் துண்டுகளை அவர் மற்றவர்களுக்கு அனுப்பினார் என்று எங்கோ படித்தேன். அது எதற்காக?

திடல்வாசி எழுதியது:

பட்டம் வென்ற அணி ஏணியில் ஏறி வளையத்தின் வலையை வெட்டி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 1999இல் பர்டியூ அணியோடு வென்ற கெரொலின் பெக், கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்சியாளர். அவர் 2015இல் தம் வலையின் ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்து, நீங்கள் வென்றதும் திருப்பித் தாருங்கள் என்றார். 2017இல் ஸ்டேலி வென்றார். அந்த வரிசையில் இரண்டாவது பெண். பிறகு தம் வலையிலிருந்து ஒரு துண்டை வேறொருவருக்குக் கொடுக்க நினைத்தவர், ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, 2021இல் முதல் பிரிவு அணிகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கறுப்பினப் பெண்கள் அனைவருக்கும், ஏறத்தாழ எழுபது பேருக்கு, ஆளுக்கொரு துண்டு அனுப்பினார்.

அவருடைய ஊதியத்தையும் இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு சுமார் 40 லட்சம் டாலர். மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் அப்போது அதுவே மிக உயர்ந்த ஊதியம். 1992இல் ஆட நாட்டில் ஒரு தொடர்கூட இல்லாமல் வெளிநாடு போனவர் அவர் என்பதை மறக்கக்கூடாது.

வடக்குவாசல் எழுதியது:

இன்னொரு செய்தியையும் இங்கே பதிவு செய்துவிடலாம். 2025 கோடையில் என்பிஏவின் நியூயார்க் நிக்ஸ் அணி தலைமைப் பயிற்சியாளரைத் தேடியபோது ஸ்டேலியை நேர்காணலுக்கு அழைத்தது. வேலை மைக் பிரவுனுக்குப் போனது. கொடுத்திருந்தால் ஏற்றிருக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டேலி பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். தமக்காக மட்டுமல்ல, பின்னால் வரும் பெண்களுக்காகவும். என்பிஏவில் இதுவரை எந்தப் பெண்ணும் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. திடல்வாசி அவர்களின் கேள்வியை இப்போது திருப்பிக் கேட்கலாம்: கல்லூரியில் கற்றது தொழில்முறை அணியில் செல்லுபடியாகியிருக்குமா?

பழைய ஆட்டக்காரர் எழுதியது:

2021இல் டோக்கியோவில் அமெரிக்க மகளிர் அணியைத் தலைமைப் பயிற்சியாளராக நடத்தித் தங்கம் வென்றவர் அவர். அந்த அணியில் இருந்தவர்கள் அனைவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆகவே அந்த ஐயம் எனக்கு இல்லை.

அந்த நேர்காணலைப் பற்றி அவர் சொன்னதில் என் மனத்தில் நின்றது வேறொன்று. முதல் பெண் பயிற்சியாளராக என்னை நியமித்தால் உங்கள் அன்றாட வேலை எப்படி மாறும் என்று யோசித்தீர்களா என்று அவர் அவர்களையே திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் அறையின் போக்கு மாறியதை உணர்ந்ததாகவும், அந்தக் கேள்வியாலேயே வாய்ப்பை இழந்திருக்கலாம் என்றும் அவரே சொன்னார். வேலை வேண்டும் என்று போனவர் பொதுவாக அப்படிக் கேட்கமாட்டார். தோற்றால் தம்மேல் மட்டுமா பழி விழும், தம்மை எடுத்தவர்கள்மேலும் விழுமா, அப்போது அவர்கள் நிற்பார்களா, நகர்வார்களா என்று அவர் முன்பே தெரிந்துகொள்ள விரும்பியிருக்கிறார். 10–18 என்ற பருவத்தில் தென் கரோலினா நிர்வாகம் தம் பின்னால் நின்றதைப் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு.